செங்கல்பட்டில் அரை மில்லிமீட்டர்

ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லி என்னை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அறிக்கை பினாங்கிலேயே தயாராக இருந்தது. நாங்கள் விற்ற கட்டுப்பாட்டுக் கருவிகளில் எந்தக் கோளாறும் இல்லை, செங்கல்பட்டுத் தொழிற்சாலையில் ஓர் ஊழியர் அனுமதியில்லாமல் கேபிளில் கைவைத்ததுதான் காரணம் என்று அதில் எழுதியிருந்தது. நான் போய் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, என் பெயரை எழுதி, அந்த ஊர் மேலாளரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வர வேண்டும். "ஐந்து நாள் இருக்கிறது வசந்தி, கோயில் கடற்கரை எல்லாம் பார்த்துவிட்டு வா," என்றார் என் மேலதிகாரி லிம். விடுமுறை கொடுப்பவர் போலச் சிரித்தார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. நான் தைப்பிங்கில் பிறந்தவள். எங்கள் ஊரில் மதியம் மூன்று மணிக்கு மழை வராவிட்டால் ஆட்கள் வானத்தைப் பார்ப்பார்கள். மீனம்பாக்கத்தில் விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த காற்று, அடுப்பைத் திறந்ததுபோல இருந்தது. தொழிற்சாலை விருந்தினர் விடுதியில் இடமில்லை என்று மாமல்லபுரத்தில் அறை போட்டிருந்தார்கள். கடல் பக்கம் சன்னல். சன்னலுக்குக் கீழே ஒரு கல் பட்டறை. காலை ஆறு மணிக்கே உளிச் சத்தம் தொடங்கிவிடும். அதே ஆறு மணிக்கு லிம்மும் கூப்பிடுவார். பினாங்கில் அப்போது எட்டரை.

முதல் நாள் சாயங்காலம் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டேன். தேநீர் கேட்டதற்கு என் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் வந்தது. எங்கள் ஊர் தே தாரிக் குவளையில் இது நான்கு பிடிக்கும். இன்னொன்று கேட்டேன். "ராத்திரிக்கு தூக்கம் வராதும்மா," என்றார் கடைக்காரர். ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் தொழிற்சாலைக் கார் வரவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு "வந்துகினே கீது மேடம்" என்ற பதில் மூன்று முறை வந்தது. பொறுமை போய், ஆசிலோஸ்கோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறினேன். மின் துடிப்புகளைக் கோடுகளாகத் திரையில் காட்டும் கருவி அது. ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியின் கனம் இருக்கும்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி அடுத்த பேருந்துக்கு நின்றோம். அது ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு வந்தது. என் பெட்டியை யாரோ வாங்கி, யாரோ சன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்கள். நான் ஏறிப் பார்த்தபோது ஒரு பூக்காரம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா கீது இதுல?"

"கடிகாரம் சரியா ஓடுதான்னு பாக்கிற மெஷின்."

"எங்க வூட்டு கடியாரம் நின்னு ஒரு வருசம் ஆவுது. வந்து பாத்துட்டுப் போயேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேச்சு ஒரு மாதிரி கீதே. எந்த ஊரு?"

"மலேசியா."

"அங்கயும் தமிழ்தான் பேசுறீங்களா?"

"வேற என்ன பேசுவோம்?" என்றேன். பேருந்தே சிரித்தது.

கடிகாரம் என்று நான் சொன்னது விளையாட்டில்லை. அந்தத் தொழிற்சாலையில் பிஸ்கட் உறைக்கான பிளாஸ்டிக் படலத்தில் நான்கு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு மோட்டார், ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் ஒரு கடிகாரம். பழைய இயந்திரங்களில் நான்கு உருளைகளையும் ஒரே இரும்புத் தண்டு இணைத்திருக்கும். இப்போது தண்டு இல்லை. நான்கு கடிகாரங்களும் கேபிள் வழியாகப் பேசிக்கொண்டு ஒரே நேரத்தைக் காட்டினால்தான் நான்கு நிறங்களும் ஒரே இடத்தில் விழும். படலம் நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடுகிறது. ஒரு கடிகாரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி முந்திக்கொண்டால் போதும், உறையில் சிரிக்கிற குழந்தையின் உதட்டுச் சிவப்பு அரை மில்லிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் விழும்.

மேலாளர் சீனிவாசன் கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. மரியாதையானவர். வடகறியும் இட்லியும் வரவழைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என்ன நடந்தது என்று சொன்னார். சில மாதங்களாகவே சிவப்பு நிறம் திடீர் திடீரென்று விலகியது. ஒரு நாள் பராமரிப்புப் பிரிவிலிருந்த எஸ்தர் என்ற பெண் யாரையும் கேட்காமல், சிவப்பு உருளையை ஓட்டுகிற நான்காவது கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு கேபிளைப் பிடுங்கினாள். மறுநாள் காலை இவர் அதைத் திரும்பச் சொருகச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் படலம் அறுந்து உருளையில் சுற்றிக்கொண்டது. புது உருளையில் நீளமாக ஒரு கீறல்.

"அந்தப் பொண்ணு கைவெச்சதாலதான் எல்லாம். சஸ்பெண்ட் பண்ணிட்டோம். உங்க அறிக்கை வந்தா மேல அனுப்பிடுவேன்."

"எந்தக் கேபிள்?"

"அதெல்லாம் எதுக்கு மேடம், கையெழுத்துதானே?"

நான் இயந்திரத்துக்குப் போனேன். அதை ஓட்டுகிற டில்லி, ஐம்பது வயது இருக்கும், மை படிந்த விரல்களால் நான்காவது பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு நாளா நல்லாத்தான் ஓடுது. எப்ப பேஜாரு பண்ணும்னு தெரியாது. நான் சொன்னா யாரு கேக்கப் போறாங்க? எஸ்தரக் கேளுங்க. அதுக்குத்தான் தெரியும்."

அன்று முழுக்க முதல் பெட்டியின் கடிகாரம், நான்காவது பெட்டியின் கடிகாரம் இரண்டின் துடிப்பையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நின்றன. மூன்றரை மணிக்குப் படலச் சுருள் மாற்றினார்கள். பழைய சுருளோடு ஒட்டுப் போட்ட இடம் உள்ளே போனதும் நான்காவதின் கோடு எகிறிக் குதித்து, கால் மணி நேரம் தள்ளாடி, அடங்கியது. அந்தக் கால் மணி நேரமும் யாரும் எந்தப் பெட்டியையும் தொடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

சாயங்காலம் லிம் கூப்பிட்டார். கையெழுத்து ஆயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆகவில்லை என்றேன். "உன்னை அனுப்பியது கேள்வி கேட்க அல்ல," என்றார்.

மூன்றாம் நாள் செங்கல்பட்டுக்குப் போகவில்லை. டில்லி கொடுத்த முகவரியோடு திருப்போரூர் பேருந்தில் ஏறினேன். பழைய மாமல்லபுரம் சாலையில் இரண்டு பக்கமும் வரப்புகளுக்கு நடுவே வெள்ளை அடித்த கற்கள், சிவப்புக் கொடிகள், 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகைகள். அப்படி ஒரு பலகையின் கீழே சாமியானா நிழலில் நோட்டீஸ் கட்டோடு எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. வேலை போன பிறகு மனை பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றி இடம் காட்டுகிறாள்.

யார் என்று சொன்னதும் அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னா மேடம், எங்கிட்டயும் கையெழுத்து வாங்க வந்தீங்களா? ஏற்கெனவே வந்து கேட்டாங்க. தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தா வேலை திரும்பக் கிடைக்குமாம். செய்யாத தப்புக்கு எழுதமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"எந்தக் கேபிளைப் பிடுங்கினீங்கன்னு கேக்க வந்தேன்."

மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கேமரா கேபிள்."

அச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க எங்கள் நிறுவனமே பின்னால் விற்ற கேமரா அது. பிழையைக் கண்டதும் படம் எடுத்து அலுவலகக் கணினிக்கு அனுப்பும். முந்தின நாள் ஒட்டுப் போட்ட இடமும் அதற்குப் பிழைதான். கடிகாரங்கள் பேசிக்கொள்கிற அதே கேபிள் வழியாகத்தான் அந்தப் படங்களும் போயின.

"உங்க கடிகாரம் எப்படி நேரம் பாக்குதுன்னு உங்க புக்குலயே படிச்சேன்," என்றாள். "பெரிய கடிகாரம் சின்னதுக்கு நேரத்த அனுப்புது. வந்து சேர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு தெரிய, சின்னது ஒரு செய்தி திருப்பி அனுப்புது. போனது வந்தது ரெண்டையும் கூட்டிப் பாதி ஆக்கிக்குது. சரிதானே?"

"சரி."

"காலைல கூடுவாஞ்சேரிலேர்ந்து தாம்பரம் போவ ஒரு மணி நேரம். திரும்பி வரச்சொல்ல இருபது நிமிசம். கூட்டிப் பாதி ஆக்கினா நாப்பது. நாப்பது நிமிசம்னு கிளம்பினா நான் எங்க வேலைக்குப் போய்ச் சேர்றது? கேமரா படம் அனுப்பினா ஒரு பக்கம் ரோடு ஜாம். நாலாம் நம்பரு அனுப்புற செய்தி படத்துக்குப் பின்னால நிக்குது. வர்ற பக்கம் காலி. அது தெரியாம பாதி போட்டுக்கினு நாலாம் நம்பரு முந்திக்குது. செவப்பு தள்ளிப் போவுது. செவப்பு தள்ளிப் போனா கேமரா இன்னும் படம் எடுக்குது. இன்னும் ஜாம்."

நான் பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"கேபிளப் புடுங்கினேன். ஆறு மணி நேரம் ஒரு மீட்டர் வீண் இல்லாம ஓடுச்சு. மறுநா காலைல அவரு சொருவச் சொன்னாரு, அறுந்துச்சு. பழி எனக்கு." நோட்டீஸ் கட்டை மேசையில் தட்டிச் சீராக்கினாள். "உங்க புக்குலதான் போட்டிருக்கே, கேமராவ எந்தப் போர்ட்டுலயும் சொருவலாம்னு. நாப்பத்தேழாம் பக்கம். அத எழுதின ஆளு ஒரு நாளாவது மெஷின் பக்கம் வந்திருப்பாரா?"

பினாங்கில் கேமரா அறிமுகத்துக்கு முந்தின வாரம், சோதனை முடியாமலேயே, லிம் அவசரப்படுத்தியதால் அந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினேன்.

"நான்தான் எழுதினேன்," என்றேன்.

"அப்ப நீங்கதான் அழிக்கணும்," என்றாள்.

வேன் நிறையப் பேர் வந்து இறங்கினார்கள். எழுந்தவள், வெள்ளைக் கற்களைக் கைகாட்டினாள். "இங்க எங்க நைனா இன்னொருத்தர் நிலத்துல ஏர் ஓட்டினாரு. தலை நிமிந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் பேசுவேன். நாளைக்கு அந்தக் கேபிளச் சொருவிப் புடுங்கிப் பாக்குற சோதனைய நான் இல்லாம செய்யக் கூடாது. மெயின் கேட்டு வழியா வருவேன். பின்பக்கமா கூப்பிட்டா வரமாட்டேன்."

நான்காம் நாள் காலை வாசல் காவலர் அவளை நிறுத்தினார். சீனிவாசன் இறங்கி வந்தார். சஸ்பெண்ட் ஆனவர் உள்ளே வர விதியில்லை என்றார். நான் ஆசிலோஸ்கோப் பெட்டியைக் காவலர் அறைத் திண்டில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்ப நானும் வரலைங்க. கையெழுத்தும் கிடையாது. மேல கேட்டா, சோதனை பண்ண விடலைன்னு எழுதுவேன்."

அவருக்கு வியர்த்தது. அவர்மீதும் மேலிடத்து அழுத்தம் இருந்திருக்கும். அதற்காக நான் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்வையாளர் பதிவேட்டை நீட்டச் சொன்னார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் எஸ்தர் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'என் மேல் போட்ட பழியைப் பார்க்க.'

டில்லி இயந்திரத்தை முழு வேகத்துக்குக் கொண்டுபோனார். கேமரா கேபிள் வெளியே இருந்தது. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாக நின்றன. கேமராவின் கண்ணுக்குப் பிழையாகத் தெரிய, படலத்தில் நான் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. "சொருவட்டுமா?" என்று எஸ்தர் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சீனிவாசனைப் பார்த்துக் கேட்டாள். அவர் தலையசைத்தார். சொருகிவிட்டு இன்னொரு பொட்டு வைத்தோம். கேமரா விளக்கு மின்னியது. நான்காவதின் கோடு எகிறியது. உதட்டுச் சிவப்பு குழந்தையின் கன்னத்துக்கு நகர்ந்தது. பிடுங்கினாள். கோடு மெல்லத் திரும்பி வந்தது.

"இன்னொரு தடவை," என்றார் சீனிவாசன். ஏழு தடவை செய்தோம். ஏழாவது தடவை அவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

பிறகு கேமராவுக்குத் தனியாக ஒரு கேபிளை டில்லியும் எஸ்தரும் இழுத்தார்கள். கடிகாரச் செய்திகளுக்கு மட்டும் ஒரு பாதை. நூறு மைக்ரோநொடிக்கு மேல் இருந்த விலகல் பத்துக்குள் வந்தது. அந்தப் பத்தும் எங்கள் கருவியின் குறைதான்: செய்தி வந்த நேரத்தைக் கேபிள் நுழைகிற வாசலிலேயே குறிக்காமல், உள்ளே மென்பொருள் எடுத்துப் படிக்கும்போது குறிக்கிறது. வாசலிலேயே நேரம் குறிக்கிற புதிய கார்டு பினாங்கில் தயாராக இருந்தது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். போட்டால் ஒரு மைக்ரோநொடிக்கும் கீழே வரும்.

மதியம் நான்கு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மோர்க்குழம்பு. கேண்டீனில் மற்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். எஸ்தர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு லிம் கூப்பிட்டபோது, சோதனையில் கண்டதைச் சொல்லிவிட்டேன். "நம் பக்கம் தவறு என்று நீயே எழுதினால், அந்தக் கேமராவை வாங்கிய எல்லா நாட்டிலிருந்தும் கேட்பார்கள்."

"கேட்கட்டும்."

"உன் வேலையைப் பற்றி யோசித்தாயா?"

"யோசிக்காமல் எழுதியதுதான் நாற்பத்தேழாம் பக்கம்," என்றேன்.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். கீழே போய், கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்து, புது அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். காரணம்: எங்கள் கையேட்டில் தவறான அறிவுரை, எழுதியவர் நான். எஸ்தர் கேபிளைப் பிடுங்கியது சரியான நடவடிக்கை. புதிய கார்டுகள் இந்தத் தொழிற்சாலைக்குத் தரப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டு, ஒரே நேரத்தில் பினாங்குக்கும் செங்கல்பட்டுக்கும் பேக்ஸ் அனுப்பினேன். பினாங்கின் அனுமதிக்காகக் காத்திருந்தால் அது வராது.

விமானம் இரவில். மதியம் விடைபெறத் தொழிற்சாலைக்குப் போனேன். எஸ்தரை வரச் சொல்லியிருந்தார்கள். அலுவலக அறையில் சீனிவாசன் ஒரு கடிதத்தை நீட்டினார். அவள் நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். அவர் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, ஒரு சொல்லை அடித்தாள்.

'மன்னித்து, மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்' என்றிருந்தது கடிதம்.

"யாரு சார் யார மன்னிக்கிறது?"

"ஆபீஸ்ல அப்படித்தாம்மா எழுதுவாங்க. பழக்கம்."

"திரும்ப அடிச்சுக் குடுங்க. நான் வெளிய நிக்கிறேன்."

வெளியே நிழலே இல்லை. நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். உள்ளே போய் உட்காரச் சொல்லிக் காவலர் இரண்டு முறை வந்தார். எஸ்தர் அசையவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவளைப் பார்த்தார்கள். சிலர் நின்றார்கள். டில்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து சீனிவாசனே கடிதத்தோடு வெளியே வந்தார். அந்தச் சொல் இல்லை. 'குற்றச்சாட்டு தவறானது' என்று புதிதாக ஒரு வரி இருந்தது. அவள் கேட்காத வரி. அவராகச் சேர்த்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

"அந்தப் புக்க மாத்தினா எனக்கு ஒண்ணு அனுப்புங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பினாங்கில் என்னைக் கருவிப் பிரிவிலிருந்து எடுத்து, பழைய கோப்புகளைச் சரிபார்க்கிற மேசையில் போட்டார்கள். லிம் என்னோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் அறிக்கை வாடிக்கையாளர் கையில் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க அவர்களால் முடியவில்லை. கார்டுகள் செங்கல்பட்டுக்குப் போயின. கையேட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றி எழுதும் வேலையை வேறு யாரும் ஏற்கவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எழுதினேன். எட்டு மாதம் ஆயிற்று. முதல் பிரதியைத் திருப்போரூருக்கு அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் அது திரும்பி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'தப்பு' என்று எழுதியிருந்தாள்.

இரண்டும் தப்புதான்.